மேகத்துக்குத் தகரம் அடிச்ச சந்தனம்

ம் கொட்டணும், சரியா? நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன். அப்புறம் கதையில வர்ற பிள்ளை நடு ரோட்டுலயே நிக்கும். தலகாணியை நேராப் போடு. காலை என் மேல போடாதே.

ஒரு ஊர்ல ஒரு பிள்ளை இருந்துச்சு. ஊருன்னதும் வயக்காடு, வாய்க்கால்னு நினைச்சுக்காதே. கடலோரத்துல உப்பளம். எங்க பாத்தாலும் கட்டம் கட்டமாப் பாத்தி, பாத்தி நிறையக் கடல்தண்ணி. வெயில் அடிக்க அடிக்கத் தண்ணி வத்தும், வத்த வத்த உப்பு விளையும். அதைப் பலகையால சர்ர்ர் சர்ர்ர்னு இழுத்துக் கரையில குவிப்பாங்க. அந்தக் குவியலை அம்பாரம்பாங்க. அந்தப் பிள்ளை பேரு சந்தனமாரி. ஏழு வயசு, முன்பல்லு ரெண்டு இல்ல. எல்லாருக்கும் அவ சந்தனம்.

ம்... அப்படித்தான், கொட்டு.

அந்த ஊர்ல மழைன்னா யாருக்கும் ஆகாது. ஒரு தூத்தல் விழுந்தாப் போதும், பாடுபட்டுக் குவிச்ச உப்பு கரைஞ்சு ஓடிரும். அதனால சந்தனத்துக்கு ஒரு வேலை இருந்துச்சு. மேகம் தலையைக் காட்டுதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். காட்டுச்சுன்னா பழைய எண்ணெய்த் தகரத்தை எடுத்து டங்கு டங்கு டங்குன்னு அடிக்கணும். "மேகம் வருது, மூடுங்க"ன்னு அவ ஒரு சத்தம் குடுத்தாப் போதும். அப்பா, அம்மா, அக்கம்பக்கம் அத்தனை பேரும் பனையோலையைத் தூக்கிக்கிட்டு தடதடன்னு ஓடி அம்பாரத்தை மூடிருவாங்க. மூடிட்டு, "சந்தனத்துக்குக் கழுகுக் கண்ணு"ன்னு சொல்லுவாங்க. அதைக் கேட்டா அவளுக்கு அன்னிக்குச் சோறே வேண்டாம்.

ஆக, சந்தனத்தோட மண்டைக்குள்ள உலகம் ரொம்பச் சின்னதா, சுத்தமா இருந்துச்சு. வெயில் நல்லது. மழை கெட்டது. மழையை முதல்ல பாக்குறவ கெட்டிக்காரி. இதுக்கு மேல தெரிஞ்சுக்க என்ன இருக்கு?

அப்போ அவ அம்மாவுக்கு அடுத்த பிள்ளை உண்டாகி, பெரிய ஆஸ்பத்திரியில கொண்டு போய்ப் படுக்க வச்சுட்டாங்க. எந்திரிக்கவே கூடாதுன்னுட்டாங்க. அப்பா பகல்ல உப்பளம், ராத்திரி ஆஸ்பத்திரி. பிள்ளையை யாரு பாக்குறது? "சித்தி வீட்டுல போய் இரு, தம்பியோ தங்கச்சியோ வந்ததும் கூப்பிட்டுக்கிடுதேன்"ன்னு அப்பா அவளைப் பஸ்ஸுல ஏத்தி, கரிசக்காட்டு ஊர் ஒன்னுல விட்டுட்டுத் திரும்பிட்டாரு. அங்கதான் பேச்சித்தாய் இருந்தா, அம்மாவோட தங்கச்சி. சித்தப்பா வெளியூர்ல பனியன் கம்பெனி வேலை. சித்திக்கு உழுது விதைக்க ஒரு துண்டுக் காடு, ஒரு பானை நிறையக் கம்பு விதை, அவ்வளவுதான். அந்த விதைப்பானையைச் சாமி மாதிரி மூலையில வச்சிருந்தா.

தூங்கிட்டியா? ம்னு சொல்லு.

அந்த ஊர்ல அந்த வருஷம் மழையே இல்ல. புரட்டாசி போயி ஐப்பசி பிறந்தாச்சு, வானம் வெறிச்சுன்னு கிடக்கு. மழை வந்தாத்தான் உழவு, உழுதாத்தான் விதைப்பு. ஊரே மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டுத் திரியுது. ஆனா சந்தனத்துக்கிட்ட யாராச்சும் இதைச் சொன்னாங்களா? இல்ல. பெரியவங்களுக்குத் தெரிஞ்சது பிள்ளைங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்னு அவங்களா நினைச்சுக்குவாங்க. அது ஒரு வியாதி.

வந்த மறுநாளே சந்தனம் ஊர்க் கம்மாயைப் பாத்தா. பொட்டுத் தண்ணி இல்ல. அடிமண்ணு வெடிச்சு, ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாப் பூத்துக் கிடக்கு. அவளுக்கு ஒரே சந்தோஷம். எவ்வளவு பெரிய பாத்தி, எவ்வளவு நல்லாக் காஞ்சிருக்கு, இந்த ஊர்க்காரங்க ஏன் இன்னும் உப்பு வாராம இருக்காங்கன்னு யோசிச்சா. அப்புறம் ஒரு பலகையைத் தேடி எடுத்துட்டு உள்ள இறங்கி, சர்ர்ர் சர்ர்ர்னு இழுக்க ஆரம்பிச்சுட்டா. கை வலிக்க வலிக்க ஒரு சின்ன அம்பாரம் கூடக் கட்டிட்டா.

அப்போ கரையில கொண்டல்சாமி வந்தாரு. ஊர்ப் பெரிய ஆளு. பெரிய தலைப்பா, பெரிய மீசை, எது நடந்தாலும் அதுக்கு ஒரு காரணம் வச்சிருப்பாரு.

"என்ன பண்ணுத தாயி?"

"உப்பு வாருதேன் தாத்தா. உங்க பாத்தி ரொம்ப நல்லாக் காஞ்சிருக்கு. இன்னும் நல்லாக் காயும் பாருங்க."

கொண்டல்சாமிக்கு மீசை துடிச்சுச்சு. ஆனா அன்னிக்கு அவரு நல்ல மனசுல இருந்தாரு. பக்கத்துல நின்னவங்ககிட்ட, "சின்னப் பிள்ளைதான, போகப் போகத் தெரிஞ்சுக்கிடும்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. என்னத்தைத் தெரிஞ்சுக்கணும்னு சொல்லிட்டுப் போகலாம்ல? போகல.

சந்தனம் அந்த மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து வாயில போட்டுப் பாத்தா. த்தூ. சரி, இந்த ஊர் உப்புக்கு ருசி பத்தாதுன்னு முடிவு பண்ணிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டா.

ம்... இப்போ ரெண்டாவது கூத்து.

நாலு நாள் கழிச்சு ஊர்ல மழைக்கஞ்சி எடுத்தாங்க. பொம்பளைங்க எல்லாம் வீடு வீடாப் போயி ஒரே பானையில கஞ்சி வாங்கி, தெருமுனையில வச்சு, சுத்தி உக்காந்து வானத்தைப் பாத்து ஒப்பாரி வைப்பாங்க. ஊரு படுற பாட்டைக் கேட்டாவது மழைக்கு மனசு இரங்காதான்னு. ஒப்பாரியில வார்த்தை எங்க புரியுது, மூக்கு உறிஞ்சுற சத்தம்தான் பெருசாக் கேக்கும். சந்தனம் வந்து பாத்தா. எல்லாரும் வானத்தைப் பாத்து அழறாங்க. அவ ஊர்லயும் வானத்தைப் பாத்து அழுவாங்க, எப்போ? மேகம் வரும்போது. அப்போ இவங்க எதுக்கு அழறாங்க? மழை வந்துருமோன்னு பயந்துதான். பாவம்.

அவளுக்கு மனசு தாங்கல. விசும்பிக்கிட்டு இருந்த ஒரு பாட்டியம்மாவோட கண்ணைத் தன் பாவாடை நுனியால துடைச்சுவிட்டா. விட்டு, "அழாதீங்க. நான் காலையிலருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மழை வராது. இந்த மாசம் பூராவும் வராது"ன்னா.

ஒப்பாரி சட்டுன்னு நின்னு போச்சு. அந்தப் பாட்டியம்மா பாத்த பார்வை இருக்கே. ஒருத்தி கரண்டியைக் கீழ போட்டா, டிங்ங்ங்னு. "எவ வீட்டுப் பிள்ளைட்டி இது, வாயில வசம்பை வச்சுத் தேய்க்க"ன்னு இன்னொருத்தி. சித்தி ஓடி வந்து அவளைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயி, "வாயை மூடிக்கிட்டு இரு, என்ன?"ன்னு மட்டும் சொன்னா. ஏன்னு சொல்லல. திட்டுறதுக்கு நேரம் இருக்கும், காரணம் சொல்றதுக்குள்ள அடுப்புல ஏதாவது பொங்கிரும்.

ராத்திரி பாயில படுத்துக்கிட்டு சந்தனம் யோசிச்சா. ஏன் கோவிச்சாங்க? ஓகோ. இந்த ஊர்க்காரங்களுக்கு மழைன்னா நம்ம ஊரை விட அதிக பயம், பேரைச் சொன்னாலே ஆகாது. அவளுக்கு எல்லாம் சரியாப் பொருந்திப் போச்சு. நிம்மதியாத் தூங்கிட்டா. நீயும் தூங்கிறாதே, மூணாவது இருக்கு.

மூணாவதுதான் பெருசு. மழைக்கஞ்சிக்கும் மழை வரல. அப்போ கொண்டல்சாமி, "ஊரே கம்மாய்க்கரையில கூடணும், மூச்சு விடுற சத்தம் கூடக் கேக்கக் கூடாது, வானத்தையே பாத்துட்டு உக்காரணும்"னாரு. அப்படியே எல்லாரும் போய் உக்காந்தாங்க. கைப்பிள்ளை வாயில கூட வெல்லக்கட்டி வச்சு அடைச்சாச்சு. வெயில் சுள்ளுன்னு அடிக்குது. நேரம் போகுது. உச்சிப்பொழுது ஆச்சு.

அப்போ கிழக்க, பனைமரத்துக்குப் பின்னால, கன்னங்கரேல்னு ஒரு கீத்து.

யாரு பாத்திருப்பா முதல்ல? வேற யாரு. கழுகுக் கண்ணு. அவ சுத்தியும் முத்தியும் பாத்தா. மேகம் வருது, ஆனா ஒருத்தரும் எந்திரிக்கல. கண்ணைக் கொட்டாம, வாயைத் திறந்துக்கிட்டு அப்படியே உக்காந்திருக்காங்க. பயத்துல இவங்களுக்குக் கைகால் விளங்காமப் போச்சு, நாமதான் காப்பாத்தணும்னு நினைச்சா. பக்கத்துல கஞ்சி கொண்டு வந்த தகரம் காலியாக் கிடந்துச்சு. எடுத்தா, குச்சியை ஓங்கினா.

டங்கு டங்கு டங்கு டங்கு. "மேகம் வருது, மூடுங்க, எல்லாத்தையும் மூடுங்க."

கொண்டல்சாமி உக்காந்த இடத்துலருந்து ஒரு முழம் எம்பி விழுந்தாரு. தலைப்பா ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம். வெல்லக்கட்டிப் பிள்ளை எல்லாம் வீல்னு கத்துச்சு. சித்தி ஓடிப் போய்த் தகரத்தைப் பிடுங்கறதுக்குள்ள மேக்கருந்து மேல்காத்து ஒன்னு விசுக்குன்னு வீசுச்சு. அந்த மேகம் வந்த வழியே கடல் பக்கம் திரும்பிப் போயிருச்சு. ஒரு சொட்டுக் கூட விழல.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. ஊரே அந்த ஏழு வயசுப் பிள்ளையைச் சுத்தி நின்னுச்சு.

"இவதான் விரட்டிட்டா. வந்த மறுநாளே இன்னும் காயும்னு வாய் வச்சா, அப்புறம் வராதுன்னா, இன்னிக்குத் தகரம் அடிச்சுத் துரத்தியே விட்டுட்டா"ன்னாரு கொண்டல்சாமி.

"சின்னப் பிள்ளைதான, போகப் போகத் தெரிஞ்சுக்கிடும்யா"ன்னு சித்தி கையெடுத்துக் கும்பிட்டா.

"அது தெரிஞ்சுக்கிடுத வரைக்கும் ஊர் தாங்காது. நாளைக்கு மத்தியான பஸ்ஸுல ஏத்தி அனுப்பு. இல்லைன்னா, நாளைப்பின்ன மழை பெஞ்சாலும் உன் காட்டுக்கு ஏர்மாடு வராது."

சித்திக்கு சொந்தமா மாடு கிடையாது. மாடு வரலேன்னா உழவு இல்ல, அந்த வருஷமே இல்ல. அதுக்காகப் பிள்ளையை எங்க அனுப்புவா? அங்க வீடு பூட்டிக் கிடக்கு, அம்மா ஆஸ்பத்திரியில கிடக்கா.

ம்... என்ன, கண்ணு கலங்குது? கேளு, முடியல இன்னும்.

சாயங்காலம் சித்தி முறமும் கையுமா பின்வாசல்ல உக்காந்துட்டா. சந்தனம் தானாவே பின்னாடி போயி ஏனம் கழுவினா. கழுவுற தண்ணி ஓடுற இடத்துல பச்சையா என்னமோ தெரிஞ்சுச்சு. குனிஞ்சு பாத்தா, ரெண்டு விரல் உசரத்துக்கு நாலு கம்பம்பயிர். சித்தி என்னிக்கோ புடைச்சப்போ சிந்தின விதை. ஒரு சாண் தள்ளி, தண்ணி படாத இடத்துலயும் அதே விதை சிந்திக் கிடந்துச்சு. அது கிடந்தபடியே, கல்லு மாதிரி கிடக்கு.

சந்தனம் இங்க பாத்தா, அங்க பாத்தா. சாம்பக் கையோட அப்படியே உக்காந்துட்டா. உள்ள என்ன நடக்குதுன்னு வெளிய யாருக்குத் தெரியும்? இத்தனை நாள் சின்னதா, சுத்தமா இருந்த உலகத்தை அவளே பிரிச்சு, ஒன்னொன்னா மறுபடி அடுக்கறா. கம்மாய் காஞ்சு கிடந்தது, பாட்டியம்மா அழுதது, கரையில எல்லாரும் வாயைப் பிளந்துட்டு இருந்தது, எல்லாத்தையும் எடுத்து வேற பக்கமாத் திருப்பி வைக்கிறா. வலிச்சிருக்கும். ஆனா வச்சா.

"சித்தி, இந்த ஊர்ல தண்ணி வந்தாத்தான் விளையுமா?"

"ஆமாட்டி."

"எங்க ஊர்ல தண்ணி போனாத்தான் விளையும்."

சித்தி கையில இருந்த முறத்தைக் கீழ வச்சுட்டு அவளைப் பாத்தா. முப்பது வயசுல அவளுக்கே அது தோணினதில்ல. அழுகையும் சிரிப்புமாப் பிள்ளையைக் கட்டிக்கிட்டா.

ஆனா சந்தனத்துக்கு இன்னொன்னு நெஞ்சுல குத்திக்கிட்டே இருந்துச்சு. நிசமாவே நாம அடிச்சதுனாலதான் மேகம் போயிருச்சா? ஊரே சொல்லுதே. மறுநாள் காலையில எந்திரிச்சு வெளிய வந்தா, வேப்பமரத்துக்கு மேல குட்டியா ஒரு மேகம் நின்னுச்சு. ஒரு ஈயத்தட்டை எடுத்தா. டங்குன்னு ஒரு அடி. மரத்துல இருந்த காக்கா பறந்துச்சு, மேகம் அசையல. டங்கு டங்குன்னு ரெண்டு அடி. தெரு நாய் வந்து வாலை ஆட்டுச்சு, மேகம் அசையல. டங்கு டங்கு டங்குன்னு மூணு அடி. பக்கத்து வீட்டு அக்கா வெளிய வந்து திட்டிட்டுப் போனா, மேகம் அப்படியேதான் இருந்துச்சு. சரின்னு தட்டை வச்சுட்டுப் பல் தேய்க்கப் போனா. வாய் கொப்பளிச்சுட்டு நிமிந்து பாத்தா, மேகத்தைக் காணோம். அதுபாட்டுக்கு வந்துச்சு, அதுபாட்டுக்குப் போயிருச்சு. ஏழு வயசுப் பிள்ளைக்கு மூணு அடியில விளங்கிருச்சு. மீசை வச்ச எவனுக்கும் ஒரு தட்டை எடுத்துத் தட்டிப் பாக்கணும்னு தோணல.

அப்போ உள்ள சித்தி பக்கத்து வீட்டு அக்காகிட்டப் பேசுறது கேட்டுச்சு. "ஏர்மாடு வராட்டிப் போகுது. எங்கக்கா பிள்ளையை நான் அனுப்ப மாட்டேன். விதை பானைக்குள்ளயே கிடந்துட்டுப் போகட்டும்."

சந்தனம் மூலையில இருந்த பானையைப் பாத்தா. நேத்து வரைக்கும் அது அவளுக்கு வெறும் பானை. இப்போ அதுக்குள்ள என்ன கிடக்குன்னு தெரியும். தண்ணி படாம, கல்லு மாதிரி. தன்னோட பையில பாவாடை சட்டையை வச்சா, சீப்பை வச்சா. மத்தியானம் சித்தி விறகுக்குப் போன நேரம் பாத்து, பஸ் நிக்கிற புளியமரத்தடிக்குத் தனியா நடந்து போயிட்டா. தான் ஒரு தப்பும் பண்ணலன்னு அவளுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் போனா பாரு.

ம்... இரு, தண்ணி குடிச்சுக்கறேன்.

பஸ்ஸுக்கு நிக்கிறா. பஸ் வரல. கிழக்க பாத்தா. கருப்பு. ஒரு கீத்து இல்ல, வானம் பூரா. அவ கை பழக்கத்துல தகரத்தைத் தேடுச்சு, அப்புறம் தானா மடங்கிக்கிச்சு. பட். மூக்கு மேல ஒரு சொட்டு. பட் பட். சடசடசடன்னு பிடிச்சுச்சு பாரு ஒரு மழை. பிறந்ததுலருந்து மழை விழுந்தா ஓடிக்கிட்டே இருந்தவ, முதல் தடவையா நின்னு நனைஞ்சா. அப்போ ரோட்டுல சித்தி தலைவிரி கோலமா ஓடி வந்தா. முதுகுல ரெண்டு வச்சா, அப்புறம் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டா. ஓடையில தண்ணி வந்து பஸ் அந்தக் கரையிலயே நின்னு போச்சு. ரெண்டு பேரும் சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தாங்க.

ஊர்ல ஒரே கும்மாளம். கொண்டல்சாமி தெருவுல நின்னு, "பாத்தியளா, அந்தப் பிள்ளை ஊரை விட்டுக் கிளம்பிச்சு, மழை இறங்கிருச்சு"ன்னு மீசையை முறுக்கினாரு.

"சந்தனம் எங்கயும் போகலயே. எங்க வீட்டுல தலை துவட்டிக்கிட்டு இருக்கா"ன்னா சித்தி.

மீசை அப்படியே நின்னுச்சு. நானும் ஏதோ திருந்திருவாருன்னுதான் நினைச்சேன். அப்புறம் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "அதான. நேத்து அந்தப் பிள்ளை அடிச்ச தகரச் சத்தம் மேகத்துக்கு இன்னிக்குத்தான போய்ச் சேந்திருக்கு. எம்புட்டுத் தூரம்"னாரு. ஊரே "ஆமாமா"ன்னு தலையை ஆட்டுச்சு. மறுநாள் முதல் ஏரு சித்தி காட்டுலதான் இறங்குச்சு. விதை பானையை விட்டு மண்ணுக்குப் போச்சு.

மூணு நாள் கழிச்சு அப்பா வந்தாரு, தலையில சாக்கைப் போட்டுக்கிட்டு. தங்கச்சிப் பாப்பா பிறந்திருக்குன்னு சொன்னாரு. ஆனா மூஞ்சி செத்துப் போயிருந்துச்சு. "பாழாப்போற மழை. தகரம் அடிக்க நீ இல்ல, பாதி அம்பாரம் கரைஞ்சிட்டு"ன்னாரு. அந்தப் பக்கம் சித்தி, விதைச்ச காட்டைப் பாத்துட்டுச் சிரிச்ச மூஞ்சியா உள்ள வர்றா. ஒரே மழை, ரெண்டு மூஞ்சி. சந்தனம் நடுவுல நின்னு ரெண்டையும் பாத்தா. அப்பாவுக்குத் துண்டை எடுத்துக் குடுத்தா. சித்திக்குச் சிரிச்சா. ரெண்டும் நிசம்தான், ரெண்டுக்கும் அவ மண்டைக்குள்ள இடம் இருந்துச்சு.

அப்புறம் ஊருக்குப் போயிட்டா. வெயில் காலத்துல மேகம் வந்தா இப்பவும் முதல் ஆளா தகரம் அடிப்பா, அம்பாரத்தை மூடுவா. எல்லாரும் போனதுக்கு அப்புறம் மட்டும் மேகத்தைப் பாத்து மெதுவா, "இங்க வேண்டாம். வடக்க போ. சித்தி காடு இருக்கு"ம்பா. போகுமா போகாதான்னு அவளுக்குத் தெரியும். சும்மா சொல்லி வைப்பா.

அடுத்த ஐப்பசிக்கு அந்த ஊர்லருந்து ஆள் வந்துச்சு, சந்தனத்தைக் கூட்டிக்கிட்டுப் போக. இப்போ அங்க மழைக்கஞ்சிக்கு முன்னாடி தகரம் அடிக்கணுமாம், அதுவும் சந்தனம்தான் அடிக்கணுமாம். போய்ப் பாத்தா, புதுத் தகரம், அதுக்கு மஞ்சள், குங்குமம், மாலை. கொண்டல்சாமி கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. சந்தனம் பவ்யமா வாங்கி டங்கு டங்கு டங்குன்னு மூணு அடி அடிச்சா. ஊரே கன்னத்துல போட்டுக்கிச்சு.

அப்போ சித்தி அவ காதுகிட்டக் குனிஞ்சு கேட்டா. "ஏட்டி, தகரம் அடிச்சா மழை வருமா?"

"வராது சித்தி. போகவும் போகாது."

"பின்ன எதுக்குட்டி அடிச்ச?"

சந்தனம் கொண்டல்சாமியைத் திரும்பிப் பாத்தா. அவரு கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டு இருந்தாரு.

"பெரியவுகதான சித்தி. போகப் போகத் தெரிஞ்சுக்கிடுவாக."

...ம் எங்க? ம்மைக் காணோம். சரி, சந்தனமும் படுத்தாச்சு, தகரமும் படுத்தாச்சு, கதையும் காலை நீட்டியாச்சு. நீ தூங்கு.